யானி வீட்டுக் கண்காட்சியும் ஒரு ‘வாங்க’வும்

யானி வீட்டு வாசலில் ஒரு மூங்கிலை நட்டு, அதன் நுனியில் நீலத் துணி கட்டியிருந்தார்கள். அந்த வாரம் அந்தச் சந்தில் நீலத் துணி பறக்கும் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம், சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்கலாம், வரைந்தவரிடமே என்ன ஏது என்று கேட்கலாம். ஜாவாத் தீவில் ஜோக்ஜா நகரத்தின் தென்கோடியில் இருக்கும் அந்தச் சந்தில் ஓவியர்கள் சற்று அதிகம். நகரத்துக் காட்சிக்கூடங்களில் இடம் கிடைக்காதவர்களும் உண்டு, கிடைத்தும் அங்கே மனம் ஒட்டாதவர்களும் உண்டு. எல்லோரும் கூடிப் பேசி, அவரவர் வீட்டையே கூடமாக்கி ஊரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

யானி மனம் ஒட்டாத கூட்டத்தைச் சேர்ந்தவள். வுர்யானி என்பது முழுப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முன்னறையில் இருந்த கட்டில், டிவி, கணவன் சர்வோவின் புறாக்கூண்டு எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளிவிட்டு, சுவருக்கு வெள்ளை அடித்துத் தன் படங்களை மாட்டினாள். எல்லாம் அந்தச் சந்தின் படங்கள்தான். துணி உலர்த்தும் பெண்கள், சீட்டாடும் கிழவர்கள், மழையில் நனைந்த கோழி. சர்வோ மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன், அதிகம் பேசாதவன். “புறாதான் இடம் மாறினதுல கூவ மாட்டேங்குது” என்று புறாவின் சார்பில் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவைத்தான்.

வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். சந்தில் நடந்து போகிறவர்கள் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே கண்ணில் படும் இடம். அந்தப் படம் விற்பனைக்கு இல்லை. பக்கத்து வீட்டு முர்ஜினா ஒருத்தி பார்க்க வேண்டும் என்பதற்காகவே யானி அதை வரைந்திருந்தாள். இந்தக் கண்காட்சிக்கு வீட்டைத் திறந்துவிட அவள் சரி என்று சொன்னதே அதற்காகத்தான். கூடிப் பேசிய ஓவியர்களில் யாருக்கும் இது தெரியாது.

முர்ஜினாவும் யானியும் ஒரே சந்தில் பிறந்து, ஒரே கிணற்றடியில் குளித்து, ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். ஜினா, யானி என்று கூப்பிட்டுக்கொள்ளும் உறவு. ஜினா காலையில் சந்தைக்குப் போய்ப் பெச்செல் விற்பவள். அவித்த கீரையின் மேல் அவள் ஊற்றும் நிலக்கடலைச் சாந்துக்காக ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். ஈரச் சந்தைத் தரையில் வெறுங்காலோடு நின்று நின்று அவளுடைய குதிகால் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால் யானி அந்தக் கால்களை வரைந்தாள். ஜினா கூடையோடு உட்கார்ந்திருக்க, கால்கள் இரண்டும் முன்னால் நீண்டிருக்க, ஒவ்வொரு வெடிப்பையும் ஆசை ஆசையாக வரைந்தாள். நகரத்தில் ஒரு பெரிய காட்சிக்கூடம் அதை எடுத்துக்கொண்டது. திறப்பு விழாவுக்கு ஜினா விசேஷத்துக்குப் போடும் பச்சைக் கபாயாச் சட்டை உடுத்தி, தங்கை மகளின் காலணியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். யானி அப்போது ஜகார்த்தாவிலிருந்து வந்த பெரிய மனிதர்களுக்கு நடுவே நின்றிருந்தாள். ஜினாவைக் கண்டதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை பேர் முன்னால் இவளுக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று கூட்டத்தை விலக்கி, கையைக் கூப்பி, வாய் நிறைய வரவேற்று, படத்தில் இருப்பவர் இவர்தான் என்று அறிமுகம் செய்துவைத்தாள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஜினாவின் காலைப் பார்த்தார்கள். ஜினா சிரித்தாள். தேநீர் வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குழாயடியில் யானியைப் பார்த்ததும் ஜினா தலை குனிந்து, “வணக்கங்க, நல்லா இருக்கீங்களா?” என்றாள்.

யானிக்குக் கையிலிருந்த வாளி கனத்தது. அந்த ஊர்ப் பேச்சில் நம்மைப் போல நீ, நீங்க என்பதோடு மரியாதை முடிந்துவிடுவதில்லை. சோற்றுக்கு ஒரு சொல், மரியாதையான சோற்றுக்கு வேறொரு சொல். தூக்கத்துக்கு ஒன்று, பெரியவர்களின் தூக்கத்துக்கு இன்னொன்று. சண்டை வந்தால் கத்துவது நம் பழக்கம். அங்கே கோபம் ஏற ஏறப் பேச்சும் மரியாதையின் மேல்படிக்கு ஏறிக்கொண்டே போகும். அன்றிலிருந்து ஜினா மேல்படியிலிருந்து இறங்கவே இல்லை. அப்படிப் பேசுகிறவளிடம் இவள் மட்டும் ‘நீ’ போட்டுப் பேசினால் செருப்பால் அடித்த மாதிரி. அதனால் யானியும் நீங்க, தாங்கள் என்று பதில் சொல்லிச் சொல்லி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிகூட இல்லாத இடத்தில் இருவரும் அரண்மனை மனிதர்கள் போலப் பேசிக்கொண்டார்கள்.

குதிகால்தான் காரணம் என்று யானி முடிவு கட்டியிருந்தாள். ஊர் பார்க்க அவள் காலை அசிங்கப்படுத்திவிட்டோம். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் அந்தப் பெரிய படம். பச்சைக் கபாயாவில் ஜினா சந்தில் நடந்து வருகிறாள். பாதம் இரண்டும் வழுவழுவென்று, கல்யாணப் பெண்ணின் பாதம் மாதிரி. அதை ஜினா ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று யானி நம்பினாள்.

கண்காட்சி தொடங்கியது. நகரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், கழுத்தில் கேமரா மாட்டியவர்கள் வந்தார்கள், ஒரு வங்கி அதிகாரி குடும்பத்தோடு வந்து கோழிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். சந்துக்காரர்கள் மட்டும் ஒருவரும் உள்ளே வரவில்லை. சுவரில் இருப்பவர்கள் அவர்கள்தான். வாசலைத் தாண்டிப் போகிறவர்களும் அவர்கள்தான். யானி வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் உள்ளே வாங்க என்றாள். ஆகட்டும், நன்றி, இன்னொரு நாள் என்று ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் வாசலில் நிற்பவர் உள்ளே வாங்க என்று சொல்லியே ஆக வேண்டும், போகிறவர் இன்னொரு நாள் என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்னபடி யாராவது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால்தான் வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போடும்.

ஜினாவும் கூடையோடு தினமும் அதே வழியாகத்தான் சந்தைக்குப் போனாள், வந்தாள். தலை மட்டும் திரும்பவில்லை. ஒரு நாள் யானி துணிந்து படியை விட்டு இறங்கி, வழியை மறிக்காத குறையாக நின்று கூப்பிட்டாள்.

“மன்னிக்கணுங்க. கையில வேலை இருக்கு. தங்களோட கண்காட்சி நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கறேங்க” என்றாள் ஜினா.

குரலில் ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரி போட்ட மரியாதை. யானி உள்ளே வந்து அந்தப் பெரிய படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. வங்கி அதிகாரியின் மனைவி மறுபடியும் வந்து நின்றதால் அழவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் சந்துத் தலைவர் கிர்னோ ஐயா, அந்த ஊர் வழக்கில் பாக் கிர்னோ, பின்வாசல் வழியாக வந்தார். அந்தச் சந்தின் நாற்காலிகளும் தட்டுகளும் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்பு. அவற்றோடு சேர்த்து எல்லோருடைய மனஸ்தாபங்களும் அவர் பொறுப்பு என்பது அவருடைய எண்ணம். சர்வோவோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, சந்து மனிதர்களுக்குத் தன் படம் பிடிக்கவில்லையா என்று யானி கேட்டதைக் கேட்டுக்கொண்டார். பிடிப்பதும் பிடிக்காததும் பார்த்த பிறகல்லவா என்றார். பிறகு காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, நீ என்னன்னு கூப்பிட்ட?”

“உள்ள வாங்கன்னுதான், பாக்.”

“அதத்தானே எல்லாரும் எல்லார்கிட்டயும் சொல்றோம். நேத்துகூட நீ என்னைச் சொன்ன. நான் வந்தேனா? அத நம்பி எவன் வருவான்?”

“கதவுக்கு அடியில அட்டைகூட போட்டேனே.”

“அட்டை தூரத்து ஆளுக்கு. பக்கத்து வீட்டுக்கு அட்டை போட்டா, நாம என்ன அவ்வளவு தூரமா போயிட்டோம்னு நினைக்க மாட்டாங்களா? போதாக்குறைக்கு, அட்டை வந்தா படம் வாங்கணும்போலன்னு பாதிப் பேருக்கு பயம்.” அவர் சமையலறைப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார். “அடுப்பு அணைஞ்சு கிடக்கு. விசேஷ வீடுன்னு யாருக்குத் தெரியும்?”

சர்வோ அப்போதுதான் வாயைத் திறந்தான். கடைசி நாள் சாயங்காலம் ஒரு கூம்புச் சோறு பண்ணி, சந்து மனிதர்களோடு சேர்ந்து கும்பிட்டுவிடலாமே என்றான். கண்காட்சி குறையில்லாமல் முடிந்ததற்கு ஒரு பிரார்த்தனை. பாக் கிர்னோ தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். காரணம் கிடைத்துவிட்டது, இனி கதவு கதவாகப் போய்ச் சொல்வது தன் வேலை, பக்கத்து வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன் என்றார். பக்கத்து வீடு என்று சொல்லும்போது யானியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் சொல்வதிலிருந்தே அவருக்குத் தெரியும் என்று யானிக்குப் புரிந்தது.

விசேஷ வீட்டில் அடுப்பு மூட்டினால் அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். யாரும் கூப்பிட வேண்டாம். பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் வந்தாக வேண்டும். வராவிட்டால் சந்து முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. ஜினா வருவாள். இந்த வீட்டுக்குள் வருவாள்.

கடைசி நாள் காலையில் சர்வோ பின்பக்கத்தில் தேங்காய் உடைத்தான். சத்தம் சந்தின் அந்தக் கோடி வரை கேட்க வேண்டும் என்று அரிவாளை ஓங்கி ஓங்கிப் போட்டான். மூன்றாவது தேங்காய்க்கே பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி வாழையிலையோடு, ஒருத்தி பெரிய அண்டாவோடு, ஒருத்தி வெற்றுக் கையோடும் நிறைய செய்தியோடும். எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான். முன்வாசல் விருந்தாளிகளுக்கு. ஜினா கடைசியில் வந்தாள். இடுப்பில் தன் சொந்த அரைகல், கையில் குழவி. அடுத்த வீட்டு அரைகல்லில் அவள் எப்போதும் அரைக்க மாட்டாள்.

“உள்ள வரலாங்களா?” என்று வாசலில் நின்றே கேட்டாள்.

மற்றப் பெண்கள் தங்கள் வெங்காயத்தை உற்றுப் பார்த்தார்கள்.

“தாராளமா வாங்க” என்றாள் யானி.

ஜினா சமையலறையின் மூலையைப் பிடித்துக்கொண்டாள். முன்னறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிளகாயும் பூண்டும் கச்சோலக் கிழங்கும் வைத்து அரைக்கத் தொடங்கினாள். அந்தச் சமையலறையில் அன்று நடந்த பேச்சு இரண்டு வகை. மற்ற எல்லோருக்கும் நடுவில், யாருடைய மருமகள் தூங்கி எழும் நேரம் என்ன என்பது வரை வாடி போடி என்று ஓடிய பேச்சு ஒன்று. யானிக்கும் ஜினாவுக்கும் நடுவில் மட்டும் வேறு மாதிரி. அந்த உப்பைச் சற்று இப்படித் தர முடியுங்களா என்று ஒருத்தி, இதோ பெற்றுக்கொள்ளுங்க என்று இன்னொருத்தி. உப்பு கைமாறும்போதெல்லாம் மற்றவர்களின் பேச்சு நின்று, பிறகு தொடர்ந்தது.

யானி பொறுத்துப் பார்த்தாள். அடுப்பு வேலை கொஞ்சம் ஓய்ந்ததும், எல்லோரும் வந்து படம் பாருங்களேன் என்று பொதுவாகச் சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒருத்திதான் என்றாலும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கையெல்லாம் எண்ணெய் என்றாள் ஒருத்தி. வீட்டு உடுப்பில் வந்திருக்கிறோம், அங்கே நகரத்து ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. கடைசி நாள் என்பதால் முன்னறையில் நல்ல கூட்டம். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைதான். அதைத் தாண்ட ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஜினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரமாக வாசலில் நின்று கூப்பிட்டோம், வரவில்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே வந்தாயிற்று, இன்னும் வரவில்லை. சாயங்காலம் பிரார்த்தனை முடிந்ததும் அரைகல்லைக் கழுவி இடுப்பில் வைத்துக்கொண்டு, நன்றிங்க என்று சொல்லிவிட்டு இவள் போய்விடுவாள். அதன் பிறகு கூப்பிடக் காரணம் ஏது? யானிக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். விடுவிடுவென்று முன்னறைக்குப் போனாள். வங்கி அதிகாரி குடும்பத்தை மன்னிக்கச் சொல்லி விலக்கிவிட்டு, அந்தப் பெரிய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். அதைத் தூக்கிக்கொண்டு திரையைத் தலையால் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள்.

“அந்தச் சல்லடையை எடுங்க” என்று, விறகு கொண்டுவந்து போட்ட சர்வோவிடம் சொன்னாள். அவன் சல்லடையை ஆணியிலிருந்து எடுத்தான். அந்த ஆணியில் படத்தை மாட்டினாள். அடுப்புக்கு மேலே, கரி படிந்த சுவரில், ஜினாவின் கண்ணுக்கு நேராக.

பெண்கள் அரிவதை நிறுத்தினார்கள். பிறகு ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தார்கள். கபாயாவின் பச்சை அப்படியே இருக்கிறது என்றார்கள். பின்னால் தெரிவது தன் வீட்டுக் கூரைதான், அந்த உடைந்த ஓட்டை ஏன் வரைந்தாய் என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். சந்துத் திருப்பத்தில் நிற்பது தன் புருஷன்தான், யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று இன்னொருத்தி எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு வாரமாக நகரத்து மனிதர்கள் வெளிச்சம், வண்ணம் என்று சொல்லிவிட்டுப் போனதில் வராத சந்தோஷம் யானிக்கு அந்த உடைந்த ஓட்டில் வந்தது. ஆனால் அவள் கண் ஜினாவின் மேலேயே இருந்தது.

ஜினா அரைத்ததை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். கையைத் துடைத்தாள். நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்து இறங்கிக் கபாயா வழியாக அவள் பார்வை பாதத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது.

“ரொம்ப அழகா இருக்குங்க. ரொம்ப நன்றிங்க” என்றாள். திரும்பவும் குழவியைக் கையில் எடுத்தாள்.

அவ்வளவுதான். இனி இழக்க என்ன இருக்கிறது என்று யானிக்குத் தோன்றியது. பத்துப் பெண்கள் காது கொடுத்துக்கொண்டிருக்க, செருப்பால் அடித்தாற்போலப் போனாலும் போகட்டும் என்று அடுப்படியில் ஜினாவுக்கு எதிரே குந்தினாள்.

“ஜினா. உன் காலைச் சரியா போட்டிருக்கேன், பாரு.”

குழவி நின்றது. பின்பக்கம் சர்வோ விறகு பிளப்பதைக்கூட நிறுத்திவிட்டான். ஜினா குழவியைக் கையில் வைத்தபடியே யானியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யார் காலு அது?”

“உன் காலுதான்.”

“என் காலா? எங்கயோ பொம்மைக் கடையில கழட்டிட்டு வந்து ஒட்டியிருக்க. அந்தக் காலை வச்சுக்கிட்டு நான் சந்தையில நின்னா வழுக்கி விழுந்து சாவேன்.”

நீ என்று சொல்லவில்லை. ஆனால் ஒட்டியிருக்கீங்க என்றில்லை, ஒட்டியிருக்க என்றுதான் சொன்னாள். யானிக்கு அது போதும்போல இருந்தது.

“முதல்ல போட்டது உனக்குப் பிடிக்கலன்னுதான்...”

“எது? அந்த வெடிச்ச காலா? நான் சொன்னேனா பிடிக்கலன்னு?” ஜினாவின் குரல் உயர்ந்தது, மரியாதை அதே வேகத்தில் இறங்கியது. “அச்சு அசலா என் காலு அது. என் புருஷன் இத்தனை வருஷத்துல ஒரு நாள் அந்தக் காலைப் பாத்திருப்பானா? ஒருத்தி உக்காந்து ஒவ்வொரு வெடிப்பா பாத்திருக்காளேன்னு எனக்கு அங்கயே அழுகை வந்துச்சு. உன்னக் கட்டிப் புடிச்சுச் சொல்லணும்னு கூட்டத்துல முட்டி மோதி வந்தேன். நீ என்னடி சொன்ன?”

யானிக்கு நினைவு வரவில்லை. என்ன சொன்னேன் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

“கையக் கூப்பிக்கிட்டு, ‘வாங்க வாங்க, இபு முர்ஜினா, தாங்கள் வந்தது எங்க பாக்கியம்’னு சொன்ன. யாரு இபு முர்ஜினா? நான் என்ன பெரிய வீட்டு அம்மாவா? கிணத்தடியில எனக்குப் பேன் பாத்தவ நீ. அந்தப் பணக்காரங்க முன்னால நான் உனக்கு யாருமில்லன்னு ஆகிப்போச்சு. சரி, நீங்கன்னா நீங்கதான்னு நானும் வந்துட்டேன்.”

“மரியாதைக்குத்தான் ஜினா சொன்னேன். அவங்க உன்னைக் குறைவா நினைச்சிடக் கூடாதுன்னு.”

“மரியாதைய உன் மாமியாருக்குக் குடு. எனக்கு எதுக்கு?”

யானியின் மாமியார் செத்துப் பல காலம் ஆகிறது. யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது, அதை அடக்கப் போய் இருமினாள், அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். யானி சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள், எதை முதலில் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தாள். குதிகாலைத் திருத்த வருஷக்கணக்கில் பாடுபட்டாயிற்று; திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல். அதைத் தினமும் குழாயடியில் இவளே திரும்பத் திரும்பச் சொல்லிப் புண்ணைக் கிளறிக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

ஜினா அழவில்லை. அரைகல்லைப் பக்கவாட்டில் நகர்த்திவைத்துக்கொண்டு, கால் இரண்டையும் அடுப்பின் பக்கம் நீட்டிக்கொண்டாள்.

“போ, போய் உன் சாயத்தையெல்லாம் கொண்டு வா. நாலு பேரு வந்து பாக்கற வீட்டுல ஊரான் காலை என் உடம்புல ஒட்டி வச்சிருக்கா. பொழுது சாயறதுக்குள்ள சரி பண்ணு.”

அப்படித்தான் அந்தக் கண்காட்சியின் கடைசி நாளில், ஒரு பக்கம் தேங்காய்ப்பாலில் கோழி கொதிக்க, மறுபக்கம் யானி படத்தைக் கீழே இறக்கிச் சுவரில் சாய்த்து, தூரிகையோடு குந்தியிருந்து, வழுவழுப்பான பாதத்தின் மேல் ஒவ்வொரு வெடிப்பாகப் போட்டாள். நீட்டிய காலோடு ஜினா மிளகாய் அரைத்துக்கொண்டே, இந்தப் பக்கம் இன்னும் ஆழம், அது இடது காலில் இல்லை வலது காலில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் கால்களையும் நீட்டி, யாருடைய வெடிப்பு பெரியது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை கெட்டுப்போகிறது என்று ஒருத்தி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

முன்னறையில் சுவர் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, நகரத்து ஆட்கள் அந்தப் படம் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். சர்வோ திரையை விலக்கி அடுப்படியைக் காட்டினான். வங்கி அதிகாரியின் மனைவிதான் முதலில் எட்டிப் பார்த்தாள். வெங்காயத் தோலும் எண்ணெய்ச் சட்டியும் நீட்டிய கால்களுமாகக் கிடந்த அறையைக் கண்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நிலைப்படியிலேயே தயங்கினாள். படத்தைப் பார்த்தாள், பிறகு ஜினாவைப் பார்த்தாள், பிறகு அவள் காலைப் பார்த்தாள். அன்று நகரத்தில் எல்லோரும் பார்த்தார்களே, அதே வரிசையில்.

யானி எழுந்து நின்றாள். என்ன சொல்லி அறிமுகம் செய்வது என்று யோசித்தாள். அதற்குள் ஜினா முந்திக்கொண்டாள். காலை மடக்கவில்லை, மறைக்கவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையைத் தாழ்த்தி, அரண்மனையில் பேசுகிற சுத்தமான பேச்சில், “உள்ள வாங்கம்மா. தாங்கள் வந்தது எங்க பாக்கியம். பாருங்க, அது என் காலுதான்” என்றாள்.

அந்தம்மாள் நிஜமாகவே உள்ளே வந்து, ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். யானி தூரிகையைப் பிடித்தபடி ஜினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜினா திரும்பினாள்.

“நீ என்னடி வாயப் பொளந்துட்டு நிக்கற? பால் பொங்குது பாரு.”

யானி அடுப்பைப் பார்க்க ஓடினாள்.